காய்கறி, சீஸ் அடைத்த பிரெட்: அடிப்பக்கம் மட்டும் வேகவில்லை, உதவுங்கள்

எல்லாருக்கும் வணக்கம். வீட்டில் காய்கறியும் சீஸும் அடைத்து பிரெட் சுட்டுப் பார்க்கிறேன். மூன்று முறை செய்தாகிவிட்டது. மேல்பக்கம் அழகாகச் சிவக்கிறது, ஆனால் வெட்டினால் அடியில் மாவு பிசுபிசுவென்று இருக்கிறது.

250 கிராம் மைதா, 150 மில்லி வெதுவெதுப்பான தண்ணீர், 1 டீஸ்பூன் இன்ஸ்டன்ட் ஈஸ்ட், உப்பு, கொஞ்சம் எண்ணெய். ஒரு மணி நேரத்தில் மாவு இரண்டு மடங்காக உப்பிவிடுகிறது, அதில் குறையில்லை. உள்ளே குடைமிளகாய், வெங்காயம், காளான், மொசரெல்லா. 200 டிகிரியில் 25 நிமிடம், நடுத்தட்டில்.

காளான் விடும் தண்ணீர்தான் காரணம் என்று நினைக்கிறேன். போன முறை நன்றாக வதக்கி, ஆறவைத்துத்தான் வைத்தேன். கொஞ்சம் தேவலை, அவ்வளவுதான். தண்ணீரில் ஊறிவரும் மொசரெல்லாவைத்தான் போடுகிறேன், அதுவும் ஈரம் விடுமோ? கட்டியாக வருவதற்கு மாறட்டுமா?

தட்டைக் காலியாகவே அவனில் சூடாக்கி, அதன் மேல் பிரெட்டை வைத்தால் அடி வேகுமா? இல்லை, கீழ்த்தட்டுக்கு மாற்றினால் போதுமா? அப்புறம், ஓரத்தை எவ்வளவு அழுத்தி மடித்தாலும் சீஸ் வழிந்துவிடுகிறது. மேலே கத்தியால் கீறிவிட்டால் ஆவி வெளியேறி அது நிற்குமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை மறுபடி சுடப் போகிறேன்.