ஏழு கட்டை (மைல்) தூரமும் நடந்தார்களா, லாரியில் வந்தார்களா?

லாரிக்காரர் மகன்:

சென்ற ஞாயிறு கோயில் வாசலில் கொடுத்த பங்கு மடலை எத்தனை பேர் படித்தீர்களோ தெரியாது. நான் படித்தேன்; படித்ததிலிருந்து மனம் பொறுக்கவில்லை. தோட்டத்துப் பழைய தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் இன்னும் குடியிருக்கும் வயதானவர்களைத் திருப்பலிக்கு அழைத்துவர வேன் ஒன்று அமர்த்துவது பற்றிய அறிவிப்பு அது. வேனை நான் குறை சொல்லவில்லை. ஆனால் எழுதியவர், “நம் முன்னோர் ஏழு கட்டை தூரத்தை வெறுங்காலோடு நடந்து வந்து பூசை கண்டார்கள், நாமோ வாகனம் கேட்கிறோம்” என்று தொடங்கியிருக்கிறார். எந்த முன்னோர் இதை அவர் காதில் வந்து சொன்னார்? என் தகப்பனார் அந்தத் தோட்டத்தில் ரப்பர் பால் லாரி ஓட்டியவர். சனிக்கிழமை பால் இறக்கி முடிந்ததும் பின்தளத்தை மூன்று முறை கழுவி, அமோனியா வாடை தெரியாதபடி சாக்கு விரித்து, ஞாயிறு விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் லாரியை நிறுத்தி, கிழவிகளைக் கைகொடுத்து ஏற்றிக்கொண்டு வந்தவர் அவர். யாரும் நடக்கவில்லை. லாரியில் வந்தார்கள்.

பங்குத் தொண்டன்:

ஐயா, அந்த அறிவிப்பை எழுதியவன் நான்தான் என்பது உங்களுக்குத் தெரியும். “எழுதியவர்” என்று சுற்றி வளைக்க வேண்டாம். பங்குப் பேரவையில் ஒன்பது ஆண்டுகளாக இருக்கிறேன், ஆதாரமில்லாமல் எழுதுகிற வழக்கம் எனக்கில்லை. அந்நாளில் நற்கருணை வாங்க விரும்புகிறவர் நள்ளிரவு முதல் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் இருக்க வேண்டும் என்பது திருச்சபையின் சட்டம். 1953-இல்தான் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் (பயஸ்) தண்ணீருக்கு அனுமதி கொடுத்தார். 1957-இல் மூன்று மணி நேர நோன்பாகக் குறைந்தது. 1964-இல் ஆறாம் பவுல் அதை ஒரு மணி நேரமாக்கினார். அந்தப் பழைய சட்டத்தின் கீழ், வெறும் வயிற்றோடு, பால்மரக் காட்டுக்குள் அரிக்கேன் விளக்கைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். என் பாட்டனாரும் நடந்தார். இதைச் சொன்னால் சிலருக்கு ஏன் சுடுகிறது என்று விளங்கவில்லை.

லாரிக்காரர் மகன்:

நோன்பைப் பற்றி நான் கேட்கவே இல்லை. லாரியில் உட்கார்ந்து வருகிறவனும் நோன்போடு வரலாம். நீங்கள் சொல்கிற அதே 1953-இல் இந்த மலாயா நாட்டில் அவசரகாலம் நடந்துகொண்டிருந்தது. 1948 ஜூன் மாதம் தொடங்கி 1960 ஜூலை வரை பன்னிரண்டு ஆண்டுகள். லயங்களைச் சுற்றி முள்வேலி, இரவெல்லாம் ஊரடங்கு, வாசலில் சோதனை. காட்டில் இருந்த கம்யூனிஸ்ட் போராளிகளுக்குச் சோறு போய்விடக்கூடாது என்பதற்காகத் தொழிலாளியின் தூக்குச் சட்டியைக்கூடத் திறந்து பார்த்த காலம். அந்தக் காலத்தில் விடியுமுன் அரிக்கேன் விளக்கோடு பால்மரக் காட்டுக்குள் உங்கள் பாட்டனார் நடந்திருந்தால், அவர் கோயிலுக்கு வந்து சேர்ந்திருக்க மாட்டார், காவல் நிலையத்துக்குத்தான் போயிருப்பார். ஆகவே லாரி.

மூன்றாம் வரிசை அக்கா:

இரண்டு பேரும் ஆண்கள் கதையையே பேசுகிறீர்கள். என் அம்மாயி நடந்தார். கைக்குழந்தையாக இருந்த என் தாயாரை இடுப்பில் கட்டிக்கொண்டு, வழியில் ஓடையில் காலைக் கழுவிக்கொண்டு கோயிலுக்குள் நுழைவாராம். அது ஜப்பான்காரன் காலம். 1942-இல் லாரிக்குப் பெட்ரோல் எங்கிருந்து வந்தது, லாரிக்காரர் மகன் சொல்லட்டும். லாரி இருக்கட்டும், ஆம்பிளைகளையே சயாம்-பர்மா ரயில் பாதை போடும் வேலைக்கு வாரிக்கொண்டு போய்விட்டார்கள். எங்கள் லயத்திலிருந்து போனவர்களில் திரும்பியவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம் என்று அம்மாயி சொல்வார். மிச்சமிருந்த பெண்கள் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் வந்து அழுதார்கள். நடந்து வந்துதான் அழுதார்கள்.

லாரிக்காரர் மகன்:

அக்கா, உங்கள் அம்மாயி மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. அவர் சுட்டுக்கொடுத்த அடை நானும் சாப்பிட்டிருக்கிறேன். ஆனால் ஜப்பான்காரன் ஆண்ட மூன்றரை ஆண்டுகளை வைத்து எழுபது ஆண்டுக் கதையை எழுத முடியாது. அது கணக்கில் சேராது. மடலில் “முன்னோர்” என்று பொதுவாகப் போட்டிருக்கிறார்கள். பொதுவாகப் பார்த்தால் லாரி.

பழைய பெரட்டு:

இந்த உரையாடலைப் படித்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். நடந்தும் வரவில்லை, லாரியிலும் வரவில்லை. சாமியார்தான் நம்மிடம் வந்தார். தமிழ் கற்றுத் தேர்ந்த பிரெஞ்சு மிஷன் சாமியார் மாதத்துக்கு ஒரு முறை மோட்டார் சைக்கிளில் தோட்டத்துக்கு வந்து, ஸ்டோருக்குப் பின்னால் இருந்த சிறு கோயிலில் பூசை வைப்பார். முதல் நாள் இரவே வந்து பாவசங்கீர்த்தனம் கேட்பார். தங்குவது எங்கள் வீட்டில். என் தகப்பனார் தோட்டத்துத் தலைமை எழுத்தராக, அதாவது பெரிய கிராணியாக இருந்ததால் அந்தப் பொறுப்பு எங்களிடம் இருந்தது. மற்ற ஞாயிறுகளில் உபதேசியார் செபமாலை சொல்லி, ஞானோபதேசம் நடத்துவார். பங்குக் கோயில் எட்டாத தூரத்தில் இருப்பவருக்கு ஞாயிற்றுக்கடனை, அதாவது ஞாயிறு பூசையை, விடுவது பாவமாகாது என்று அந்தச் சாமியாரே சொல்லியிருக்கிறார். திருநாளுக்கு மட்டும்தான் ஜனங்கள் பட்டணத்துக்குப் போனார்கள்.

லாரிக்காரர் மகன்:

கிராணியார் வீட்டிலிருந்து பதில் வந்துவிட்டது, மகிழ்ச்சி. அந்தத் திருநாளுக்குப் போனது எதில் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே! நானே சொல்கிறேன். என் தகப்பனார் ஓட்டிய லாரியில், முன்னால், ஓட்டுநர் பக்கத்து இருக்கையில், மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு உங்கள் குடும்பம் வந்தது. பின்னால் நாற்பது பேர் நின்றுகொண்டு வந்தார்கள். கோயிலில் இறங்கியதும் முதல் பெஞ்சும் உங்களுக்கே. மற்றவர்கள் கீழே பாயில். பாயில் உட்கார்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றைக்குப் பாடற்குழுவில் நிற்கிறார்கள், அது வேறு செய்தி. ஆக, நீங்களே ஒப்புக்கொண்டபடி, லாரி.

பழைய பெரட்டு:

நான் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. கைக்குட்டை என் தாயாருக்கு ஆஸ்துமா இருந்ததால். முதல் பெஞ்சைக் கேட்டு வாங்கவில்லை, கொடுத்தார்கள். அந்தப் பெஞ்சைச் செய்யப் பணம் கொடுத்தது யார் என்று பழைய கணக்குப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கட்டும்.

பங்குத் தொண்டன்:

பெஞ்சுக் கணக்கைப் பொது இடத்தில் பேச வேண்டாம் என்று பேரவையின் சார்பில் கேட்டுக்கொள்கிறேன். நான் சொல்ல வந்தது தியாகம் பற்றி. ஏழு கட்டை நடந்து வந்து, அழகிய தமிழில் பூசை கேட்டு, மீண்டும் ஏழு கட்டை நடந்து போன மக்களின் விசுவாசம் நமக்கு வேண்டும் என்பதே கருத்து.

லாரிக்காரர் மகன்:

அழகிய தமிழிலா? பூசை அப்போது லத்தீனில் நடந்தது, ஐயா. தாய்மொழிக்கு வழி திறந்தது இரண்டாம் வத்திக்கான் சங்கம்; திருவழிபாடு பற்றிய சங்க ஏடு 1963 டிசம்பர் 4-இல் வெளிவந்தது. அதற்கு முன் தமிழில் இருந்தவை பிரசங்கமும் பாட்டும் செபமும்தான். குருவானவர் பீடத்தைப் பார்த்து நின்று லத்தீனில் பூசை செய்வார், நம் கிழவிகள் பின்னால் செபமாலை உருட்டுவார்கள். ஒன்பது ஆண்டு பேரவையில் இருந்தும் இது தெரியாதவர்கள் எழுதும் மடலில் லாரி எப்படி நடையாக மாறியது என்பதில் எனக்கு இப்போது வியப்பில்லை.

மூன்றாம் வரிசை அக்கா:

லத்தீன் தெரியாமலேயே அம்மாயி முழுப் பூசையையும் மனப்பாடமாகப் பதில் சொல்வார். அதைக் கேட்டிருந்தால் இப்படி ஏளனமாக எழுதமாட்டீர்கள், தம்பி. நடந்து வந்தவருக்குத்தான் அந்தப் பக்தி வரும்.

பாடற்குழுத் தம்பி:

பெரியவர்களுக்கு வணக்கம். நான் ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபையிலும் இருக்கிறேன். மாதம் ஒரு முறை அந்த லயத்துக்கு அரிசியும் பால் மாவும் எண்ணெயும் கொண்டுபோகிறோம். தோட்டம் செம்பனைக்கு மாறி, ஆட்கள் பட்டணத்துத் தாமான் குடியிருப்புகளுக்குக் குடிபோன பிறகு அங்கே மிஞ்சியிருக்கும் நம்மவர்கள் பதினொரு பேர். அவர்களில் நால்வருக்கு மட்டும்தான் படியேற முடியும். போன முறை ஒரு தாத்தா அரிசி மூட்டையைப் பார்க்கவேயில்லை. “பூசைக்கு எப்போது கூட்டிப்போவீர்கள்” என்று மட்டும் கேட்டார். வேனுக்கு வாடகை கொடுக்க ஒருவர் முன்வந்திருக்கிறார். ஓட்டுவதற்கு ஆள் இல்லை. ஞாயிறு காலை ஆறரை மணிக்கு யாராவது வர முடியுமா?

பங்குத் தொண்டன்:

தம்பி, இது முறைப்படி பேரவைக் கூட்டத்தில் பேச வேண்டிய விஷயம். தனியாக இங்கே கேட்பது சரியல்ல.

பாடற்குழுத் தம்பி:

சரிங்க ஐயா. ஆனால் ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். அதே தோட்டத்திலிருந்து இந்தோனேசியாவின் புளோரஸ் தீவுத் தொழிலாளர்கள் ஞாயிறுதோறும் மலாய்த் திருப்பலிக்கு வருகிறார்கள். தோட்ட நிர்வாகத்தின் லாரியில் வருகிறார்கள். அந்த லாரியில் நம் தாத்தாக்களுக்கும் இடம் கேட்கலாமா என்று யோசித்தேன்.

லாரிக்காரர் மகன்:

பார்த்தீர்களா! சின்னப் பையன் வாயிலிருந்தே வந்துவிட்டது. இன்றைக்கும் அந்தத் தோட்டத்திலிருந்து கோயிலுக்கு லாரிதான். வழக்கம் எங்கிருந்து வந்தது என்று இனியாவது யோசியுங்கள்.

பழைய பெரட்டு:

புளோரஸ்காரர்கள் லாரியில் வருவதால் நம் பாட்டன்மார் லாரியில் வந்தார்கள் என்பது எந்த ஊர் நியாயம்? தவிர, கோயிலிலிருந்து அந்தத் தோட்டம் ஏழு கட்டை இல்லவே இல்லை. கட்டை எண்ணுவது பழைய தபால் நிலையத்திலிருந்து. கோயில் அங்கிருந்து தோட்டத்துப் பக்கமாகத் தள்ளி இருக்கிறது. கோயிலிலிருந்து அளந்தால் ஐந்தரைதான் வரும்.

பங்குத் தொண்டன்:

ஏழு. நான் காரில் அளந்திருக்கிறேன்.

பழைய பெரட்டு:

கார் கிலோமீட்டரில் காட்டியிருக்கும். அதைக் கட்டையாக மாற்றத் தெரிந்ததா என்று கேட்கிறேன்.

லாரிக்காரர் மகன்:

ஐந்தரையோ ஏழோ, லாரிக்கு எல்லாம் ஒன்றுதான். என் தகப்பனார் இருபத்திரண்டு ஆண்டுகள் ஒரு காசு வாங்காமல் அந்தச் சேவையைச் செய்தார். தோட்ட மேலாளரான பெரிய துரையிடம் டீசலுக்குக் கைகட்டி நின்று அனுமதி வாங்கியவரும் அவர்தான். கோயில் வெள்ளிவிழா மலரில் பெஞ்சு கொடுத்தவர், மணி கொடுத்தவர், சுரூபம் கொடுத்தவர் எல்லாருடைய பெயரும் இருக்கிறது. லாரி ஓட்டியவர் பெயர் இல்லை. இப்போது ஒரே வரியில் லாரியையும் இல்லாமலாக்கிவிட்டீர்கள். அடுத்த மடலில் திருத்தம் வெளியிட வேண்டும். என்னிடம் புகைப்படம் இருக்கிறது: திருநாளன்று கோயில் வாசல், பின்னால் லாரி, முன்னால் ஜனங்கள். நாளை இங்கே போடுகிறேன்.

மூன்றாம் வரிசை அக்கா:

அந்தப் படம் என் வீட்டுச் சுவரிலும் தொங்குகிறது, தம்பி. ஓரத்தில் நிற்பது என் அம்மாயி. காலைப் பாருங்கள், முழங்கால் வரை செம்மண்.

லாரிக்காரர் மகன்:

லாரியிலிருந்து இறங்கினால் கால் மண்ணில்தான் படும், அக்கா.