தீங்கியல் தேர்வு: ரைலண்ட்ஸா, எம்.சி. மேத்தாவா?

கேள்வி (முதலாண்டு மாணவி)

ஐந்தாண்டுச் சட்டப் படிப்பில் சேர்ந்திருக்கிறேன். தீங்கியல் (ஒருவர் மற்றவருக்கு இழைத்த தீங்குக்கு இழப்பீடு கோரும் சட்டம், Torts) பாடத்தின் வரையறைகள் மனத்தில் நிற்கின்றன; ஆனால் சங்கதிகளைக் கொடுத்து யார் பொறுப்பு என்று கேட்கும் வினாக்களில் திணறுகிறேன். உள்மதிப்பீட்டுத் தேர்வில் வந்த ஒரு வினா இது: பெருவெள்ளத்தில் ஓர் இரசாயன ஆலையின் தொட்டி உடைந்து, வெளியேறிய நச்சுவாயுவால் ஆலைத் தொழிலாளி ஒருவரும் பக்கத்துத் தெருவில் வசிப்பவர்களும் பாதிக்கப்படுகிறார்கள், வெள்ளத்தைக் காரணம் காட்டி நிறுவனம் தப்ப முடியுமா? இதற்கு ரைலண்ட்ஸ் வழக்கை எழுதுவதா, எம்.சி. மேத்தா வழக்கை எழுதுவதா?

மறுமொழி (வழக்கறிஞர், திருச்சி)

இரண்டையும் எழுதுங்கள், ஆனால் விதியிலிருந்து அல்ல, சங்கதிகளிலிருந்து தொடங்குங்கள். இங்கிலாந்தில் ரைலண்ட்ஸ் என்பவர் தம் ஆலைக்கு நீர்த்தேக்கம் ஒன்றை ஒப்பந்தக்காரர்களைக் கொண்டு கட்டினார். நிலத்தடியில் கைவிடப்பட்ட பழைய சுரங்கக் குழிகளை அவர்கள் சரியாக அடைக்காததால், நீர் அவற்றின் வழியே பாய்ந்து பிளெட்சரின் நிலக்கரிச் சுரங்கத்தை மூழ்கடித்தது. ரைலண்ட்ஸ் தாமே கவனக்குறைவாக நடக்கவில்லை. அப்படியிருந்தும், வெளியேறினால் தீங்கு விளைவிக்கும் பொருளைத் தம் நிலத்தில் கொண்டுவந்து சேர்ப்பவர் அதன் விளைவுக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்ற விதியை அந்நாட்டின் அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரபுக்கள் சபை 1868இல் உறுதிசெய்தது. இதுவே கடும் பொறுப்பு. ஆனால் கடவுள் செயல் (எதிர்பாராத இயற்கைச் சீற்றம்), மூன்றாம் நபரின் செயல், வாதியின் சம்மதம் போன்ற விலக்குகள் இதற்கு உண்டு. பொருள் பிரதிவாதியின் நிலத்தைவிட்டு வெளியேறியிருக்கவும் வேண்டும்.

உங்கள் வினாவில் தொழிலாளியை ஏன் சேர்த்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஒரு வெடிமருந்து ஆலைக்குள் குண்டு வெடித்துக் காயமுற்ற பெண் ஆய்வாளர் தொடுத்த ரீட் எதிர் லயன்ஸ் வழக்கில், எதுவும் வெளியேறவில்லை என்பதாலேயே அவருக்கு இழப்பீடு மறுக்கப்பட்டது. ரைலண்ட்ஸை மட்டும் எழுதினால் வெள்ளம் விலக்காகிவிடக்கூடும். ஆலைக்குள் இருந்த தொழிலாளியும் வெறுங்கையோடு போவார். 1985 டிசம்பர் 4 அன்று, போபால் பேரழிவு நடந்து ஓராண்டு கழிந்த நிலையில், டெல்லி ஸ்ரீராம் ஆலையிலிருந்து ஓலியம் வாயு கசிந்தது. அதையொட்டிய எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி பகவதியின் அமர்வு, அபாயகரமான தொழிலை நடத்துவோருக்கு இந்த விலக்குகள் எதுவும் கிடையாது என்றும், நிறுவனம் எவ்வளவு பெரியதோ அதற்கேற்ப இழப்பீடும் பெரிதாக வேண்டும் என்றும் கூறியது. ஆகவே உங்கள் விடையின் பெரும்பகுதி இங்கேதான் இருக்க வேண்டும்.

மறுமொழி (சட்ட ஆசிரியர்)

வழக்கறிஞர் கூறியதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன், ஏனெனில் நல்ல விடையும் சிறந்த விடையும் பிரியும் இடம் இது. எம்.சி. மேத்தா வழக்கில் நீதிமன்றம் தானே இழப்பீடு வழங்கவில்லை. அதனால் விலக்குகளே இல்லாத இந்த முழுப் பொறுப்பு பற்றி அது சொன்னது வழக்கின் முடிவுக்குத் தேவையற்ற கருத்துரைதானே என்ற ஐயம், போபால் இழப்பீடு தொடர்பான யூனியன் கார்பைடு வழக்கில் 1991இல் எழுப்பப்பட்டது. ராஜஸ்தானின் பிச்சரி கிராமத்தில் இரசாயன ஆலைகளின் கழிவு மண்ணையும் கிணறுகளையும் கெடுத்தது குறித்த வழக்கில், 1996இல், அது கருத்துரை அல்ல, பின்பற்றத்தக்க சட்டமே என்று உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. இந்த மூன்று படிகளையும் நான்கைந்து வரிகளில் எழுதுங்கள். மேற்கோள் மழை வேண்டாம். பாதிக்கப்பட்டோருக்கு உடனடி நிவாரணம் அளிக்கும் 1991ஆம் ஆண்டுப் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டத்தையும் ஒரு வரியில் குறிப்பிடலாம்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி, ஐயா. அப்படியானால் ரைலண்ட்ஸ் விதிக்கு இந்தியாவில் இனி இடமே இல்லையா?

மறுமொழி (சட்ட ஆசிரியர்)

இருக்கிறது. தொழில் அபாயகரமானதாக இல்லாதபோது, விலக்குகளோடு சேர்ந்த பழைய விதியையே ஆராய வேண்டும். அங்கும் நம் மண்ணின் நிலைமை குறுக்கிடும். சென்னை மாகாணத்துக் கார்வேட்டிநகர ஜமீன்தாரின் ஏரிகள் உடைந்து இரயில் பாதை சேதமடைந்தபோது, இரயில்வே நிறுவனம் ரைலண்ட்ஸைக் காட்டி வழக்காடியது. இந்த ஏரிகள் தொன்றுதொட்டு வேளாண்மைக்காக இருப்பவை, அவற்றைப் பராமரிப்பது ஜமீன்தாரின் கடமை, எனவே கவனக்குறைவை மெய்ப்பிக்காமல் அவரைப் பொறுப்பாக்க முடியாது என்று பிரிட்டிஷ் ஆட்சிக்காலத்தின் உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் 1874இல் தீர்ப்பளித்தது. உங்கள் வினாத்தாளில் இரசாயனத் தொட்டிக்குப் பதில் பாசன ஏரி வந்தால், இந்தத் தீர்ப்பிலிருந்து தொடங்குங்கள்.