1965 பீட்டிலில் 1972 இன்ஜின் நேராக உட்காருமா?

சின்னவண்டி:
என்னிடம் 1965 ஃபோக்ஸ்வாகன் பீட்டில் கார் இருக்கிறது. 1200 சி.சி. இன்ஜின், 6 வோல்ட் மின்சாரம். கம்ப்ரஷன் போய் புகை தள்ளுகிறது. 1972 மாடலில் இருந்து கழற்றிய 1600 சி.சி. டூயல் போர்ட் (ஒவ்வொரு ஹெட்டிலும் காற்று நுழைய இரண்டு வாய் உள்ள) இன்ஜின் ஒன்று கிடைத்திருக்கிறது. கியர்பாக்ஸோடு பிடிக்கிற நாலு போல்ட்டும் ஒரே இடத்தில்தான் வருகிறது. அப்படியே தூக்கி மாட்டிவிடலாமா?

ஆயில்கை:
போல்ட் பொருந்தும். அதை மட்டும் நம்பி இறங்கினால்தான் வம்பு. இன்ஜின் பின்னால் கிளட்சைத் தாங்கும் பல்சக்கரம்தான் ஃப்ளைவீல்; உங்கள் 6 வோல்ட் ஃப்ளைவீலுக்கு 109 பல், 180 மி.மீ. கிளட்ச். 72 இன்ஜினோடு வரப்போகிற 12 வோல்ட் ஃப்ளைவீலுக்கு 130 பல், கிளட்ச் 200 மி.மீ. இந்தப் பெரிய சக்கரம் பழைய பெல் ஹவுசிங்கின் (ஃப்ளைவீலை மூடும் கியர்பாக்ஸ் வாய்ப்பகுதி) உள்சுவரில் உரசும். உள்ளே மார்க்கர் பூசி, இன்ஜினை மாட்டி, கிராங்க் புல்லி போல்ட்டில் 30 ஸ்பேனர் போட்டு மெதுவாகச் சுற்றுங்கள். கழற்றிப் பார்த்தால் மை அழிந்த இடம் பளிச்சென்று தெரியும். அங்கே மட்டும் தேய்த்து எடுங்கள். கியர்பாக்ஸ் உறை மெக்னீசியம் கலவை, தூள் தீப்பிடிக்கும், குவிய விடாதீர்கள்.

பலர் கோட்டைவிடுவது ரிலீஸ் பேரிங்கில், அதாவது பெடலை மிதித்தால் கிளட்சை அழுத்தி விடுவிக்கும் பேரிங்கில். 72 இன்ஜினின் பிரஷர் பிளேட்டின் (கிளட்ச் தட்டை ஃப்ளைவீலோடு அழுத்திப் பிடிக்கும் மூடி) நடுவில் வளையம் இருக்காது. உங்கள் கியர்பாக்ஸில் பேரிங்குக்கு வழிகாட்டும் குழல் கிடையாது, அந்த வளையத்தை நம்பித்தான் அது உட்கார வேண்டும். ஆகவே வளையம் உள்ள 200 மி.மீ. பிளேட் வாங்குங்கள்.

ஸ்டார்ட்டரும் 12 வோல்ட்டுக்கானதே வேண்டும். அதன் தண்டு மெலிது, அதற்கேற்ற புஷ் (தண்டு முனை சுழலும் சிறு உலோக வளையம்) போடாவிட்டால் ஆடும்.

சின்னவண்டி:
பழைய ஃப்ளைவீலையே புது இன்ஜினில் போட்டால் இத்தனை வேலை மிச்சமாகாதா?

ஆயில்கை:
ஓடும். ஆனால் 180 கிளட்ச் 34 குதிரைத்திறனுக்கு அளந்தது, 1600 தருவது 50. ஏற்றத்தில் வழுக்கும். எனக்கு அந்த யோசனை பிடிக்கவில்லை.

மஞ்சள்மூடி:
12 வோல்ட்டுக்குப் போவதென்றால் பேட்டரி, பல்புகள், இண்டிகேட்டர் ஃபிளாஷர், வைப்பர் மோட்டார் எல்லாம் மாறும். பெட்ரோல் காட்டி கேபிளில் ஓடுகிறது, அதைத் தொட வேண்டாம். இன்ஜினைச் சுற்றி வரும் தகரங்களில் ஒன்றைக்கூட விடாதீர்கள். இடைவெளி விழுந்தால் கீழே போன சூடான காற்றையே ஃபேன் மறுபடி இழுக்கும்.

ஆயில்கை:
ஆமாம். அப்புறம், உங்கள் பிரேக் ஒற்றைச் சர்க்யூட், நாலு சக்கரத்துக்கும் ஒரே ஆயில் வழி. 50 குதிரைத்திறனை ஏற்றும் முன் மாஸ்டர் சிலிண்டரையும் ஹோஸ்களையும் பார்த்துவிடுங்கள்.