என்கோடரைக் கழற்றிய பிறகு: நிற்கிற ரோட்டாரைத் தேடிய அனுபவங்கள்

கடலூர் முதுநகரிலிருந்து:

துறைமுகத்துப் பக்கம் ஐஸ் உடைக்கிற மெஷின். ரோட்டார், அதாவது மோட்டாரின் சுழலும் பாகம், எந்தக் கோணத்தில் இருக்கிறதென்று சொல்லும் சென்சார்தான் என்கோடர். உப்புக்காற்றில் அதன் கனெக்டரின் பின்னெல்லாம் பச்சை பூத்துவிடும். மூன்றாவது தடவை மாற்றும்போது ஓனர் கேட்டார், "இது இல்லாம ஓடாதா தம்பி?" என்கோடர் இல்லாமல், வோல்டேஜையும் கரண்டையும் வைத்தே டிரைவ் (மோட்டாரை ஓட்டும் மின்கருவி) கோணத்தைக் கணக்கிடும் சென்சார்லெஸ் முறைக்கு மாற்றினேன். காலியாக ஓட்டியபோது நன்றாகத்தான் ஓடியது. மறுநாள் விடியற்காலை, ஐஸ் நெருக்கிக்கொண்டிருக்கும்போது ஸ்டார்ட் கொடுத்தால் ஷாஃப்ட் முன்னும் பின்னும் உதறிவிட்டு நின்றது. ஓவர்கரண்ட் ட்ரிப், அதாவது கரண்ட் அளவுமீறி டிரைவ் தானே நின்றுவிட்டது.

கணக்குப் போட்டதும் புரிந்தது. நிமிடத்துக்கு 1500 சுற்றில் 300 வோல்ட் பேக் இ.எம்.எஃப். (காந்தம் சுழலும்போது சுருளில் எழும் வோல்டேஜ்) எழுப்புகிற மோட்டார், 30 சுற்றில் எழுப்புவது 6 வோல்ட்தான். கோணத்தைக் காட்டுவது அந்த வோல்டேஜ்தான்; நிற்கும்போது அது ஒன்றுமே இல்லை. ரோட்டார் எங்கே இருக்கிறதென்று டிரைவுக்கு எப்படித் தெரியும்?

நல்லவேளை, காந்தம் ரோட்டாருக்குள் புதைந்த மோட்டார் அது. காந்தம் பார்க்கும் திசையில் இன்டக்டன்ஸ் (கரண்ட் மாறுவதை எதிர்க்கும் சுருளின் குணம்) குறைவு, குறுக்கே அதிகம். சின்னதாக ஒரு ஹை ஃபிரீக்வென்சி வோல்டேஜைக் கலந்துவிட்டால், கரண்ட் அலையில் கோணம் தெரிந்துவிடும். அந்த வசதியை ஆன் செய்ததும் மோட்டார் நின்ற இடத்திலேயே 'கீ'யென்று மெல்லக் கத்தியது. ஆனாலும் பத்து ஸ்டார்ட்டில் சிலது தலைகீழாகக் கிளம்பியது! வடதுருவமும் தென்துருவமும் இன்டக்டன்ஸுக்கு ஒன்றுதான். 180 டிகிரி மாறினால் டார்க்கும் (சுழற்றும் விசை) எதிர்ப்பக்கம். துருவம் பார்க்கும் பல்ஸையும் சேர்த்தேன். அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று. காந்தப்புலத்தோடு சேர்ந்து போகிற பல்ஸில் இரும்பு சீக்கிரம் நிறைந்து கரண்ட் கொஞ்சம் கூடுதலாக ஏறும். கரண்ட் அலையைத் திரையில் காட்டும் ஸ்கோப்பில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கூம்பு, ஒன்று மற்றதைவிட நெல்மணி அளவு உயரம். அந்த வித்தியாசம்தான் வடக்கைக் காட்டிக்கொடுத்தது. அதற்குப் பிறகு பின்பக்கம் கிளம்பவே இல்லை.

புதுச்சேரியிலிருந்து:

அண்ணே, எனக்கு வந்தது வேறு மாதிரி. கடற்கரையோரக் கட்டடத்து மொட்டைமாடி எக்ஸாஸ்ட் ஃபேன். காந்தம் ரோட்டாரின் மேல் ஒட்டிய வகை. எந்தத் திசையில் பார்த்தாலும் இன்டக்டன்ஸ் ஏறக்குறைய ஒன்றே, உங்கள் வழி அதில் எடுபடாது. மதியத்துக்கு மேல் கடல்காற்று அடித்தால் ஃபேன் தானே பின்பக்கம் சுற்றும். டிரைவ் அது நிற்பதாக நினைத்து இழுக்கப் போய் ட்ரிப் ஆகும். சுற்றுகிற மோட்டாரில் பேக் இ.எம்.எஃப். இருக்கிறதே, அதை முதலில் படிக்கச் சொல்லி ஃபிளையிங் ஸ்டார்ட்டை ஆன் செய்தேன். இப்போது வேகத்தையும் திசையையும் பார்த்து, மெல்லப் பிடித்து நிறுத்தி, பிறகு நேராகத் திருப்புகிறது.

முதுநகர்க்காரரே மறுபடியும்:

தம்பி, ஆட்டோ டியூனிங் (மோட்டாரின் ரெசிஸ்டன்ஸ் போன்றவற்றை டிரைவ் தானே அளந்துகொள்வது) எப்போது செய்தீர்கள்? குளிர்ந்த மோட்டாரில் என்றால், சூடானதும் ஒருமுறை பாருங்கள். செம்பின் ரெசிஸ்டன்ஸ் டிகிரிக்கு 0.39 சதவீதம் ஏறும். சூடு 75 டிகிரி கூடினால் 29 சதவீதம். மெதுவாக ஓடும்போது கோணக் கணக்கு பிசகுவது அங்கேதான்.