ஞாயிற்றுக்கிழமை பேச ஒரு தோழி வேண்டும்

வணக்கம். மதுரையிலிருந்து பெங்களூரு வந்து எட்டு மாதமாகிறது. என் கணவர் காலை எட்டுக்குக் கிளம்பினால் இரவு ஒன்பதாகிவிடும். பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கன்னடம் மட்டும்தான், பார்த்தால் சிரித்துக்கொள்வோம். ராத்திரி டைரி எழுதுகிறேன். பால் பொங்கி வழிந்தது, போனில் அம்மாவிடம் "நல்லா இருக்கேன்" என்று பொய் சொல்லிவிட்டு அழுதது, எல்லாம் அதற்குத் தெரியும். அதை விடமாட்டேன். ஆனால் "சாப்பிட்டியா?" என்று அது கேட்காதே.

அல்சூர் ஏரிப் பக்கம் திருவள்ளுவர் சிலை இருக்கிறதல்லவா, 18 வருஷம் மூடிக் கிடந்து 2009-இல் திறந்தார்களே, அங்கே சந்திக்கலாம். அப்படியே தமிழ்ச் சங்கத்துக்கும் போகலாம். தனியாகப் போகக் கூச்சமாக இருக்கிறது. இந்திரா நகர், அல்சூர் பக்கத்து அக்கா, தங்கைகள் யாராவது வருவீர்களா? டைரி எழுதுகிறவர் என்றால் இன்னும் சந்தோஷம்.