யார் சொல்லி இந்தப் பாட்டு உங்களிடம் வந்தது?

சினிமாவுக்கு வெளியே தமிழில் பாடுகிறவர்களை எப்படிக் கண்டுபிடித்தீர்கள், பிறகு யாரிடம் சொன்னீர்கள், சொன்னபோது என்ன நடந்தது? எல்லோரும் எழுதுங்கள். என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2018 ஜனவரி 6, சனிக்கிழமை. ஆபீஸில் பக்கத்து சீட்டில் இருந்த நண்பர், "சாயங்காலம் கீழ்ப்பாக்கம் வரியா? கானா கச்சேரி" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. சி.எஸ்.ஐ. பெயின்ஸ் பள்ளி மைதானத்துக்குப் போனால் மேடை நிறைய ஆட்கள். 19 பேர். தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவின் முதல் நிகழ்ச்சி அது. அயோத்திதாசப் பண்டிதரின் 'சாதிபேதமற்ற' என்ற சொல்லிலிருந்து எடுத்த பெயர் என்பது பிறகுதான் தெரிந்தது.

நான் வடசென்னையில் வளர்ந்தவன். கானா எனக்குப் புதிதில்லை. ஆனால் அது சாவு வீட்டு வாசலில், ராத்திரி முழுக்க, பந்தலுக்கு அடியில் கேட்ட பாட்டு. அதே பாட்டு எலக்ட்ரிக் கிட்டாருக்கும் பறைக்கும் நடுவில், அவ்வளவு பெரிய ஸ்பீக்கரில், ஆயிரக்கணக்கானவர்கள் முன்னால் ஒலித்தபோது தொண்டை அடைத்தது. கானா மேடையில் நான் அதுவரை பெண் குரல் கேட்டதே இல்லை. அன்று அந்த 19 பேரில் ஒரே பெண்ணாக இசைவாணி முன்னால் வந்து பாடினார். 2020-ல் பிபிசி வெளியிட்ட 100 பெண்கள் பட்டியலில் அவர் பெயரைப் பார்த்தபோது, எங்கள் தெருப் பெண் பரிசு வாங்கியது மாதிரி சந்தோஷப்பட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் தூக்கம் வரவில்லை. மேடையில் இருந்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகத் தேட ஆரம்பித்தேன். இசையை முன்னின்று நடத்தியவர் டென்மா. அவர் அதற்கு முன் குரங்கன் என்ற குழுவில் இருந்தார். அந்தக் குழுவில் அவரோடு இருந்தவர் கபேர் வாசுகி. அவருடைய தனிப் பாட்டுகளைக் கேட்டேன். ராத்திரி மொட்டைமாடியில் நண்பன் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி தமிழ். அவர் வேறு என்ன எழுதியிருக்கிறார் என்று பார்த்தால், கர்நாடக சங்கீதப் பாடகர் டி.எம். கிருஷ்ணா பாடி 2017 ஜனவரியில் வந்த புறம்போக்குப் பாடல். எண்ணூர் கழிமுகம் பாழாவதைப் பற்றிய பாட்டு. ஒரு கானா கச்சேரியில் கிளம்பி, பெயர் பெயராகப் பிடித்துக்கொண்டு போய், விடியற்காலை மூன்று மணிக்கு மனசால் அந்தக் கழிமுகத்தில் நின்றேன். அது என் அம்மா பிறந்து வளர்ந்த இடம்.

அன்றிலிருந்து இதுதான் என் வழி. ஒரு பாட்டு பிடித்துவிட்டால் அதற்குக் கீழே போட்டிருக்கும் பெயர்களைப் படிப்பேன். எழுதியவர், தாளம் வாசித்தவர், ஒலிப்பதிவு செய்தவர், எல்லாரும். ஆப் தானாகக் கொண்டுவந்து கொடுக்கிற பாட்டுகள் ஒரே ஜாடையில் இருக்கின்றன. தாளம் வாசித்தவரைப் பின்தொடர்ந்து போனால் நினைத்தே பார்க்காத ஊருக்குப் போய்ச் சேரலாம்.

அடுத்து, சொன்ன கதை. அந்த வாரமே குடும்ப வாட்ஸாப் குழுவில் பதினைந்து பாட்டுகளை வரிசையாக அனுப்பினேன். ஒருவரும் கேட்கவில்லை. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து புறம்போக்குப் பாடலை மட்டும் போட்டேன். அம்மா கர்நாடக சங்கீதம் கேட்கிறவர் இல்லை. ராகங்கள் மாறி மாறி வருவது அவருக்குப் பொருட்டே இல்லை. ஆனால் வார்த்தை புரிந்தது. ஊருக்கெல்லாம் பொதுவான நிலத்துக்குப் பெயர் புறம்போக்கு. அது எப்படி வசவுச் சொல் ஆனது என்பதுதான் அந்தப் பாட்டு. கீரையைக் கீழே வைத்துவிட்டார். "இன்னொரு வாட்டி போடு" என்றார்.

அதன் பிறகு ஒரு மணி நேரம் பேசினார். ஆயா இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிக் கையால் தடவித் தடவி இறால் பிடித்தது, பிடித்ததைப் போடும் பறிக் கூடையின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றது, அனல்மின் நிலையச் சாம்பல் கலந்து தண்ணீர் நிறம் மாறியபோது காலில் வந்த அரிப்பு. முப்பத்தைந்து வருஷம் அம்மாவோடு இருந்திருக்கிறேன். இதில் ஒரு வார்த்தைகூட எனக்குத் தெரியாது.

இப்போது யாருக்கும் பட்டியல் அனுப்புவதில்லை. ஒரு ஆளுக்கு ஒரு பாட்டு, ஏன் அவருக்கு என்று இரண்டு வரி. அவ்வளவுதான்.

மறுமொழி (சுவிட்சர்லாந்திலிருந்து)

உங்கட அம்மாவின்ர கதையை வாசிச்சிட்டு என் மகனைக் கூப்பிட்டுக் காட்டினேன். எங்கட வீட்டில் இது தலைகீழாக நடந்தது.

மகன் ஃபிஃபா 21 என்ற கால்பந்து வீடியோ கேம் விளையாடிக்கொண்டிருப்பான். அதில் பின்னால் போன ஒரு ஆங்கிலப் பாட்டை நான் குசினியிலிருந்து நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தேன், 'குட் லவ் 2.0'. நல்ல குரல் என்று மட்டும் நினைத்தேன். ஒருநாள் அவன் ஓடிவந்து, "அம்மா, இவ எங்கட ஆள், சென்ட் கேலனில பிறந்தவ" என்றான். பிரியா ராகு. பெற்றோர் எங்களைப் போல இலங்கையிலிருந்து வந்தவர்கள். சின்ன வயதில் தகப்பனின் குழுவோடு தமிழ் விழாக்களில் பாடியிருக்கிறா. பிறகு விமான நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே தமையனோடு பாட்டுச் செய்திருக்கிறா, இசை தமையனின்ர. 2021-ல் வந்த அவவின்ர முதல் தொகுப்பின் பெயரிலேயே 'தமிழ்' இருக்குது. 2023-ல் வந்த ஆல்பத்துக்குப் பெயர் 'சந்தோஷம்'.

என் பிள்ளைகள் ஜெர்மன் கலந்துதான் கதைப்பார்கள். தமிழ்ப் பள்ளிக்குச் சனிக்கிழமை போகச் சொன்னால் முகம் சுருங்கும். அந்தப் பாடல்களில் நடுவில் வருகிற தமிழ் வரிகளுக்கு அர்த்தம் கேட்டு மகன் தானாக என்னிடம் வந்தான். நான் எதையும் பரிந்துரைக்கவில்லை. அவன்தான் எனக்குப் பரிந்துரைத்தான்.

மறுமொழி (கோயம்புத்தூரிலிருந்து)

நான் மறுபக்கத்தில் இருப்பவன். நான்கு வருடமாகச் சொந்தமாகப் பாட்டு எழுதி, வீட்டு அறையில் பதிவு செய்து வெளியிடுகிறேன். கேட்கிறவர்களுக்கு ஒன்று தெரிந்தால் நன்றாக இருக்கும் என்பதால் எழுதுகிறேன்.

2024 முதல் ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு கடைசி 12 மாதங்களில் 1000 தடவையாவது ஓடியிருந்தால்தான் அதற்குப் பணம் கணக்கில் வரும். 990 தடவை ஓடினால் பூஜ்யம். அதனால் நீங்கள் நான்கு பேரிடம் சொல்வது எங்களுக்குச் சின்ன விஷயம் இல்லை. கையில் காசு கொடுக்க நினைத்தால், பாடுகிறவர்களிடமிருந்தே பாட்டை விலைக்கு வாங்கும் இணையதளமான பேண்ட்கேம்ப் நல்லது. டிஜிட்டலில் விற்கும் பாட்டுக்கு அவர்கள் எடுப்பது பொதுவாக 15 சதவீதம். 2020 மார்ச்சில், கொரோனா வந்து கச்சேரிகள் நின்றபோது, குறிப்பிட்ட சில வெள்ளிக்கிழமைகளில் அந்தப் பங்கையும் விட்டுக்கொடுக்கத் தொடங்கினார்கள். நான் அந்த வெள்ளிக்கிழமைகளில்தான் மற்றவர்களின் பாட்டுகளை வாங்குவேன்.

என் அனுபவம் ஒன்று. என் இரண்டாவது பாட்டு முதல் ஆறு மாதம் இருநூறைத் தாண்டவே இல்லை. திடீரென்று தினமும் ராத்திரி எட்டரைக்கு மேல் நான்கைந்து தடவை ஓட ஆரம்பித்தது. ஒரே ஊர், திருநெல்வேலி. இரண்டு மாதம் கழித்து ஒருவர் செய்தி அனுப்பினார்: "குழந்தை உங்க பாட்டுக்குத்தான் தூங்குது. அண்ணன் அனுப்பிச்சார்." அந்த அண்ணன் யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வேலையை முடித்துவிட்டு வந்து இதை வாசித்தேன், அன்றே அடுத்த பாட்டை எழுத உட்கார்ந்தேன்.

மறுமொழி (முதலில் எழுதியவர்)

சுவிஸ் அக்கா, 'சந்தோஷம்' ஆல்பத்தை நேற்று ரயிலில் முழுதாகக் கேட்டேன். ஆங்கிலத்துக்கு நடுவில் தமிழ் வந்ததும் பக்கத்தில் இருந்த கல்லூரிப் பெண் என் போனை எட்டிப் பார்த்தார். ஒரு காது ஹெட்போனைக் கொடுத்தேன். பெயரைக் குறித்துக்கொண்டுதான் இறங்கினார்.

கோவைத் தம்பி, குழந்தை தூங்கிய அந்தப் பாட்டின் பெயரைச் சொல்லவே இல்லையே. சொல்லுங்கள். அடுத்த வாரம் என் அக்கா பிரசவம் முடிந்து அம்மா வீட்டுக்கு வருகிறார்.