ரிட்டுக்சிமாப் இப்போதே வேண்டுமா, நோய் திரும்பினால் பார்க்கலாமா?

வேப்பமரம்:
அப்பாவுக்கு 67 வயது. கழுத்துக் கட்டியில் பயாப்ஸி எடுத்ததில் டிஃப்யூஸ் லார்ஜ் பி செல் லிம்ஃபோமா (நிணநீர்ப் புற்றுநோய்), சிடி20 பாசிட்டிவ், அதாவது ரிட்டுக்சிமாப் பற்றிக்கொள்ளும் புரதம் செல்களில் இருக்கிறது. டாக்டர் ஆர்-சாப், அதாவது நான்கு மருந்து சேர்ந்த சாப் கீமோவோடு ரிட்டுக்சிமாப் என்ற ஆன்டிபாடி, ஆறு சைக்கிள், 21 நாளுக்கு ஒன்று என்கிறார். மாமாவோ, "வெறும் சாப் கீமோ போதும், அந்த ஆன்டிபாடியை நோய் திரும்பினால் போட்டுக்கலாம்" என்கிறார். கையில் பணம் குறைவு. என்ன செய்ய?

கோடைமழை:
மாமா சொல்வது சரிதான். என் பெரியப்பா 1996இல் வெறும் சாப் எடுத்தவர், இன்றும் காலையில் நடைக்குப் போகிறார். எல்லாத் துருப்பையும் முதல் ஆட்டத்திலேயே இறக்கிவிட்டால் பின்னால் என்ன மிச்சம்?

நிலவன்:
பெரியப்பா நன்றாக இருக்கட்டும். ஆனால் அதே மருந்தில் பிழைக்காதவர்கள் இங்கே வந்து எழுதப் போவதில்லையே. 60 முதல் 80 வயதுக்காரர்கள் 399 பேரை வைத்து ஐரோப்பாவில் இதையே சோதித்து 2002இல் வெளியிட்டார்கள். இரண்டு வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் சாப்பில் 57%, ஆர்-சாப்பில் 70%. பத்து வருடம் கழித்துப் பார்த்தால் 27.6%, 43.5%. இடைவெளி மூடவே இல்லை. நோய் திரும்பினால் இன்னும் கடுமையான கீமோ, ஸ்டெம் செல் மாற்று என்று போகும். எழுபதை நெருங்கும் உடம்பு அதைத் தாங்குமா? துருப்பு முதல் ஆட்டத்துக்குத்தான்.

கோடைமழை:
பக்க விளைவு?

தாமரைக்குளம்:
நான் டே கேர் நர்ஸ். முதல் பாட்டில்தான் பயம். மணிக்கு 50 மில்லிகிராமில் தொடங்கி மெல்லக் கூட்டுவோம். சிலர் கட்டிலே ஆடுகிற மாதிரி நடுங்குவார்கள். நிறுத்தி, ஊசி போட்டு, கம்பளி போர்த்தி, மறுபடி மெதுவாக விடுவோம். அடுத்த சைக்கிளில் பெரும்பாலும் அதே ஆள் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். சட்டைப் பொத்தான் போட முடியாமல் விரல் மரத்தால் அது சாப்பில் இருக்கும் வின்கிரிஸ்டின் வேலை, ஆன்டிபாடி மேல் பழி போடாதீர்கள். ஆனால் ஹெபடைடிஸ் பி டெஸ்ட் எடுக்காமல் தொடங்க விடாதீர்கள். பழைய தொற்று பதுங்கியிருந்தால் ரிட்டுக்சிமாப் அதைக் கிளப்பிவிடும், கல்லீரலே போய்விடலாம்.

கோடைமழை:
சரி. அப்போ புதிதாக வந்த இன்னொரு ஆன்டிபாடி மருந்தான பொலாடுசுமாபையும் சேர்க்கச் சொல்வீர்களா? எதற்கும் ஓர் எல்லை வேண்டாமா?

நிலவன்:
வேண்டும். 2022இல் வந்த போலாரிக்ஸ் ஆய்வில் வின்கிரிஸ்டினை எடுத்துவிட்டு அதைக் கொடுத்தார்கள். இரண்டு வருடத்தில் நோய் முற்றாமல் இருந்தவர்கள் 70.2%இலிருந்து 76.7% ஆனார்கள். உயிர் பிழைத்தவர்கள் கணக்கிலோ வித்தியாசமே இல்லை. அதற்காக நகையை அடகு வைக்கச் சொல்ல மாட்டேன். ரிட்டுக்சிமாப் கதை வேறு. 2007இலேயே டாக்டர் ரெட்டீஸ் கம்பெனி இங்கே பயோசிமிலர் (மூல மருந்தை ஒத்த மாற்று) இறக்கிவிட்டது, இப்போது பல கம்பெனிகள் செய்கின்றன. எது விலை குறைவு என்று டாக்டரிடமே கேளுங்கள், சங்கடப்பட வேண்டாம்.

கோடைமழை:
பொலாடுசுமாப் விஷயத்தில் ஒத்துப்போகிறேன். மற்றதில் இன்னும் யோசிக்கிறேன்.

வேப்பமரம்:
ஹெபடைடிஸ் டெஸ்டுக்கு ரத்தம் கொடுத்தாச்சு. மாமாவிடம் அந்த 43.5-ஐ மட்டும் காட்டினேன். கண்ணாடியைத் தேடி எடுத்து இரண்டு தடவை படித்தார்.